வசனம் வேண்டாம், பாட்டு மட்டும்

1

இந்த நாட்டுக் குடியுரிமைக்கு ஒரு படிவம் இருக்கிறது. எங்க அப்பா தீப்பெட்டி ஆபீஸுக்கு லைசென்ஸ் வாங்கின காகிதக் கட்டைவிடத் தடிமன். பிறந்த ஊர், பெற்றோர் பிறந்த ஊர், போன இடம், வந்த இடம் எல்லாம் எழுதி முடித்துக் கை வலிக்கிற நேரத்தில் ஒரு கேள்வி வருகிறது. நீங்கள் எப்போதாவது ஏதேனும் அமைப்பில், சங்கத்தில், குழுவில் உறுப்பினராக இருந்ததுண்டா? இருந்தால் அதன் பெயர், நோக்கம், நீங்கள் வகித்த பொறுப்பு, விலகிய காரணம் ஆகியவற்றை எழுதவும்.

என் வீட்டுக்காரர் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார். எனக்குப் பேனா நகரவில்லை.

"என்ன யோசனை?" என்றார்.

"நான் ஒரு குழுவுல இருந்திருக்கேன்."

மனுசனுக்கு முகம் வெளுத்துப்போச்சு. "எந்தக் குழு? கல்யாணத்துக்கு முன்னாடியா?"

"கோவில்பட்டி உலக இசை மதிப்பீட்டுக் குழு."

"எத்தனை பேரு?"

"மூணு பேரு. ஓட்டு ரெண்டு பேருக்குத்தான்."

"ஏன் விலகின?"

"குழு ஒடஞ்சு போச்சு. தலைவரும் செயலாளரும் ஒம்பது வருசமா பேசிக்கிடுறதில்ல."

அவர் படிவத்தை என் கையிலிருந்து பிடுங்கி, எனக்கும் சேர்த்து அவரே 'இல்லை' என்று டிக் அடித்தார். "எழுதித் தொலைச்சிராத தாயி. இதை எந்த அதிகாரி நம்புவான்?" என்றார். சரிதான். ஆனால் ஒரு அரசாங்கம் மெனக்கெட்டுக் கேட்கிறது, நான் பொய் சொல்லுகிறேன் என்று எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அரசாங்கத்திடம் சொல்லாததை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது அபர்டீனில். ஸ்காட்லாந்தின் மேல் ஓரம். கட்டடமெல்லாம் சாம்பல் நிறம், வானமும் அதே நிறம். எங்க ஊரில் வெயில் அடித்தால் தீக்குச்சியைக் காயப்போடுவோம். இங்கே வெயில் அடித்தால் மனுசரே வெளியே வந்து காய்கிறார்கள்.

2

குழுவின் தலைவர் என் அண்ணன் சரவணன். செயலாளர் அவன் சிநேகிதன் காதர் மொய்தீன். காதர் வீடு எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி. அவன் வாப்பா மார்க்கெட் பக்கம் பசைமாவு, லேபிள், பேக்கிங் பேப்பர் விற்கிற கடை வைத்திருந்தார். எங்கள் ஆபீஸுக்குச் சரக்கு அங்கேயிருந்துதான் வரும். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். அங்கே வந்து நாற்காலி, மேசை, ஏசி என்று தேடக்கூடாது.

காதரின் மாமா கப்பலில் சமையல்காரர். தூத்துக்குடிக்குக் கப்பல் வந்தால் வீட்டுக்கு வருவார். மற்ற மருமகன்களுக்கு சென்ட், டி-ஷர்ட். காதருக்கு மட்டும் கேசட். முதல் கேசட்டை எங்கள் வீட்டில் போட்டபோது அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "யாருலே இது? வத்தல் ஏலம் போடுதான்?" என்று கேட்டாள். தாளத்துக்கு மேலே ஒருத்தன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனான். அமெரிக்காக்காரன் பாட்டாம், ராப் என்று பெயராம். அண்ணனும் காதரும் அப்படியே சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் படப்பாட்டுக்கு மரியாதை போச்சு.

இவன்கள் சும்மா கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். அண்ணனுக்கு எதையும் சட்டம் போட்டுச் செய்யணும். ஒரு கேசட்டை ஆளுக்கு ஏழு தடவை தனித்தனியாகக் கேட்கணும். கலந்து பேசக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் கூடி ஓட்டுப் போடணும். ஓட்டுப் போடும் இடத்தில் பாட்டுப் போடக்கூடாது, தேர்தல் அன்றைக்குப் பிரச்சாரம் கூடாதில்லையா, அதுபோல. ஒரு வருசம் கழித்து அதே கேசட்டை மறுபடியும் ஏழு தடவை கேட்டு மறு ஓட்டு. "மொதத் தடவை மயக்கத்துல போட்டுருவோம்லா. தெளிஞ்ச பெறவும் புடிச்சிருக்கான்னு பாக்கணும்," என்பான்.

ஓட்டுச்சீட்டு தீக்குச்சிதான். வீட்டில் அதற்கா பஞ்சம்? ஆளுக்கு ஒரு காலித் தீப்பெட்டி. பத்துக்கு எத்தனை மார்க்கோ அத்தனை குச்சியை உள்ளே போட்டு மூடி என்னிடம் கொடுக்கணும். மருந்து முக்கின குச்சி ஒரு மார்க். மருந்து முக்காத வெறுங்குச்சி அரை மார்க். திறந்து எண்ணி நோட்டில் எழுதுவது என் வேலை. "எனக்கு ஓட்டு இல்லையா?" என்று கேட்டதற்கு, "ஒனக்கு எண்ணத் தெரியும்லா, அது போதும்," என்றான் அண்ணன். எனக்கு எண்ணவே வேண்டியதில்லை என்பது அவனுக்குத் தெரியாது. பெட்டியை என் காதுப்பக்கம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், உள்ளே ஏழா எட்டா என்று சொல்லிவிடுவேன். பத்து வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்குள் வளர்ந்தவள்.

பாடுகிறவன் சொல்லுவது பாதிக்கு மேல் புரியாது. காதர் ஒரு அகராதி வைத்திருந்தான். அகராதியில் இல்லாத சொல்லையெல்லாம் கெட்ட வார்த்தை என்று முடிவு செய்தோம். அது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது என்று இங்கே வந்தபிறகு தெரிந்துகொண்டேன்.

ஆனால் ரெண்டு பேருக்கும் காது உண்டு. அதை ஒத்துக்கொள்ளணும். ஒரு கேசட்டுக்கு முதல் வருசம் எட்டரை கொடுத்த காதர் மறு ஓட்டில் ஐந்துக்கு இறக்கினான். ஏன் என்று கேட்டதற்கு, "இவன் கோவப்படுதான், சரி. ஆனா யாரு மேலன்னு அவனுக்கே தெரியல," என்றான். அண்ணன் ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு, "ஆமாலே," என்றான்.

3

குழுவை உடைத்தது 'மஞ்ச பஸ்'. அந்தப் பெயரை நாங்களாக வைத்தோம். அட்டையில் ஒரு மஞ்சள் பஸ்ஸின் கூரை மேல் ஒருத்தன் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பான். மாமா அதைக் கப்பலில் இன்னொருத்தரிடம் கடன் வாங்கி வந்திருந்தார். மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கணும். அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ராஜாமணி அண்ணாச்சி நடத்திய ரெக்கார்டிங் கடையில் ரெண்டு பிரதி எடுப்பதென்று முடிவாச்சு. காதர் அசல் கேசட்டோடு தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். அண்ணனுக்கு ஆபீஸில் லோடு ஏற்றுகிற வேலை. எங்கள் வீட்டு அறுபது நிமிடக் கேசட்டை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஏழு தடவை கேட்டார்கள். அவன் வீட்டில் அவன், எங்கள் வீட்டில் இவன். நானும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஏழு தடவையும் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தேன். அண்ணன் பெட்டியில் பத்து. எங்கள் வரலாற்றில் முதல் பத்து. காதர் பெட்டியில் ஒரே ஒரு குச்சி. அதுவும் மருந்து முக்காதது.

"ஏலே, அரையா?" என்றான் அண்ணன்.

"அரையே சாஸ்தி. காது வலிக்கி."

"எவ்வளவு அமைதியா இருக்கு, காது எப்படிலே வலிக்கும்?"

"அமைதியா? மூச்சு விடாம பேசுதாம்லே!"

"எவன் பேசுதான்? ஒருத்தனும் பேசல. தாளம் வருது, அந்தப் பொம்பள ஆலாபனை பாடுதா, அப்புறம் சும்மா நிக்கி. மறுபடி ஆலாபனை. அவன் வாயத் தெறக்காம இருக்கான் பாரு, அதுதாம்லே இந்தக் கேசட்டு. இதுவரைக்கும் எவனுக்கும் இந்தத் தைரியம் வரல."

காதர் அவனை உற்றுப் பார்த்தான். "நீ கேக்கவே இல்ல. கேக்காம மார்க் போட்டுருக்க."

"நீதாம்லே கேக்காம போட்டுருக்க."

எங்கள் குழுவில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. வீட்டுப் பெண்டுகளை இழுத்துப் பேசியிருந்தால்கூட ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "காதர் அண்ணே, நானும் கேட்டேன். அண்ணன் சொல்லுறது நெசம். யாருமே பேசல," என்றேன்.

காதர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. "குடும்பமே சேர்ந்து பொய் சொல்லுதிய," என்று எழுந்து படியிறங்கிப் போனான். அதற்குப் பிறகு அந்த மாடிக்கு அவன் வரவில்லை.

கேசட்டைப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஓட்டு நடக்கிற இடத்தில் பாட்டுப் போடக்கூடாது என்று சட்டம். ஓட்டு முடிந்த பிறகு வீம்பு. 'போட்டுக் காட்டு' என்று கேட்டால் கேட்டவன் தோற்ற மாதிரி.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்லணும். சரக்கு வாங்க அண்ணன் காதர் கடைக்குப் போகாமல் முடியாது. போவான். போய்ச் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்து, "பசைமாவு அஞ்சு கிலோ வேணும்," என்பான். காதர் தராசைப் பார்த்து, "மாவு நாளைக்குத்தான் வரும்," என்பான். எங்கள் வீட்டில் பேச்சு வந்தால் 'காதர்' என்று சொல்லமாட்டான். "அவிய கடை," "அவிய சொன்னாவ." நேற்று வரை ஏலே போட்டுக் கூப்பிட்டவனை மரியாதையாக வைகிறான். என் கல்யாணத்துக்குக் காதர் வந்தான், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான், மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தான், பக்கத்தில் நின்ற அண்ணனைத் தூண் மாதிரி சுற்றிக்கொண்டு போனான்.

இந்தப் படிவம் நிரப்புகிற வாரத்தில்தான் அண்ணன் போனில் சொன்னான். "அவிய கடையக் காலி பண்ணுதாவ. கட்டடக்காரன் வித்துட்டானாம். திருப்பூர்ல மச்சானோட நூல்கடைக்குப் போறாவளாம், குடும்பத்தோட. அடுத்த மாசம்."

"நீ போயிப் பேசுண்ணே."

"நான் என்னத்தப் பேச? பொய் சொல்லுதவன்னு சொன்னவியகிட்ட."

ஒரே தெருவில் இருந்தபோதே பேசாதவன்கள் திருப்பூருக்குப் போனபிறகா பேசப்போகிறான்கள்? எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

4

என் மகள் நிலாவுக்கு ஆறு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் இந்த ஊர்க்காரியாகப் பதில் சொல்லுவாள். அதில் பாதி எனக்குப் புரியாது. பள்ளிக்கூட வாசலில் 'பை' சொல்லும்போது கையைக் கொஞ்சம் கீழே வைத்துக்கொண்டு ஆட்டு என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை சனிக்கிழமை நூலகத்துக்குப் போவோம். அவள் நாலடி முன்னால் நடப்பாள், நான் யாரோ என்பது போல.

அந்த நூலகத்தில் பாட்டுத் தட்டுகளும் இரவல் தருவார்கள். போன மாதம் அவள் படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் சும்மா தட்டுகளைப் புரட்டினேன். மஞ்சள் பஸ். கூரை மேல் காலைத் தொங்கப்போட்டு அதே ஆள். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிப்போச்சு. இரவல் வாங்கி வீட்டுக்கு ஓடிவந்து போட்டேன், அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்கவைக்கலாம் என்று.

தாளம் வந்தது. சரி. ஆலாபனைக்காகக் காத்திருந்தேன். ஒரு ஆள் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், நான் வெங்காயம் நறுக்கி முடிக்கிறவரை பேசினார். அடுத்த பாட்டுக்கு மாற்றினேன். அங்கேயும் அவர்.

அடுத்த சனிக்கிழமை தட்டைத் திருப்பிக் கொண்டுபோனேன். காதில் வளையம் போட்ட ஒரு பையன் கவுண்டரில் இருந்தான்.

"இந்தத் தட்டுல கோளாறு இருக்கு," என்றேன்.

"கீறலா?"

"இல்ல. பாட்டுக்கு நடுவுல ஒரு ஆள் பேசுறாரு."

அவன் அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "எந்த இடத்துல?"

"எல்லா இடத்துலயும்."

பாவம், நல்ல பையன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். தலை தானாக ஆடியது. கழற்றிவிட்டு ரொம்ப மெதுவாக, குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி, "அவர்தான் பாடகர்," என்றான்.

"இல்லப்பா. பாடுறது ஒரு பொம்பள. அவரு வாயே தெறக்கமாட்டாரு. அதுதான் இந்தக் கேசட்டோட பெருமையே."

நிலா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, ப்ளீஸ். போலாம்." ரொம்ப நாளைக்குப் பிறகு தமிழில் பேசினாள். அவ்வளவு அவமானம் பிள்ளைக்கு.

பையன் விடவில்லை. குறை வந்தால் எழுதி வாங்கணுமாம். ஒரு காகிதத்தை நீட்டினான். 'கோளாறின் தன்மை' என்ற கட்டத்தில், 'பாடகர் பேசுகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் படித்துப் பார்த்தான், சிரிக்கவில்லை, முத்திரை குத்தினான். வேறு கிளையிலிருந்து இன்னொரு பிரதி வரவழைத்துக் கொடுத்தான். அதிலும் அந்த ஆள் பேசினார்.

அன்றைக்கு அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆள் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டின் கடைசியில் அந்தப் பெண்ணின் ஆலாபனை வந்தது, எனக்கு மனப்பாடமான அதே ஆலாபனை, நாலு விநாடி. மறுபடி அந்த ஆள். அப்போதுதான் எனக்கு ராஜாமணி அண்ணாச்சி கடையின் சீட்டு ஞாபகம் வந்தது.

அம்மாவுக்காகப் படப்பாட்டுப் பதிவு செய்ய அந்தக் கடைக்கு மாசம் ஒரு தடவை நான்தான் போவேன். அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. கேசட்டில் இடம் மிச்சமிருந்தால் படத்து வசனத்தையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். அம்மாவுக்கு அது பிடிக்காது. அதனால் ஒவ்வொரு தடவையும் சீட்டின் அடியில் எழுதுவேன்: வசனம் வேண்டாம், பாட்டு மட்டும். எழுதி எழுதிக் கை பழகிப்போச்சு. அண்ணன் கேசட்டைக் கொண்டுபோன அன்றைக்கும் எழுதினேன். யோசிக்கவே இல்லை. பெயர், தெரு, வசனம் வேண்டாம், பாட்டு மட்டும்.

ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் அப்படியே நின்றேன்.

5

அண்ணனிடம் சொன்னேன். "இரு, கேட்டுட்டு வாரேன்," என்று வைத்துவிட்டான்.

ராஜாமணி அண்ணாச்சி இப்போது செல்போன் ரீசார்ஜ் செய்கிறார். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்ததாம். "மறக்க முடியுமா தம்பி? பாப்பா வசனம் வேண்டாம்னு எழுதிருந்துது. நானும் பாக்கேன், அந்த ஆளு பேசிக்கிட்டே இருக்கான். அவன் வாயத் தெறக்க நான் பாஸ் பட்டன அமுக்கி நிறுத்த, அவன் மூட நான் எடுக்க. ரெண்டு நாளு வேலை. கடசீல பாத்தா பாதிக் கேசட்டுகூட ரொம்பல. அதான் அந்தம்மா பாடுனத மறுபடி மறுபடி போட்டுக் குடுத்தேன். நல்லா இருந்துச்சா?"

அண்ணன் இதைச் சொல்லும்போது குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"திரும்பத் திரும்ப வரும்லா அந்த ஆலாபனை," என்றான். "எத்தனை நாளு நெனச்சு நெனச்சுப் பாத்துருக்கேன் தெரியுமா, எதுக்கு இப்படித் திரும்ப வச்சிருக்கான்னு."

"காதர் அண்ணன்கிட்டச் சொல்லிருவோம்."

"சொல்லாத."

"ஏண்ணே?"

"அமெரிக்காக்காரன் பாட்டுக்குப் பத்துக் குச்சி போட்டேன்னு நெனச்சிட்டு இருந்தேன். ராஜாமணி அண்ணாச்சிக்குப் போட்டுருக்கேன். சிரிப்பான்."

"ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்."

"ஊரு கெடக்கு. காதரு சிரிப்பாம்லா." ஒன்பது வருசத்தில் முதல் தடவையாக அவன் வாயில் அந்தப் பெயர் வந்தது. வந்தது தெரிந்ததும் போனை வைத்துவிட்டான்.

தப்பு என்னுடையது. அவன் வீம்புக்காக நான் வாயை மூடிக்கொண்டால் காதர் அடுத்த வாரம் திருப்பூருக்குப் போய்விடுவான், எங்கள் வீட்டார் பொய்யர்கள் என்று நினைத்துக்கொண்டே. அது என்னால் பொறுக்க முடியாது. கடைக்குப் போன் போட்டேன்.

"யாரு, மகேசா? லண்டன்ல இருந்தா?" என்றான் காதர். நான் எந்த நாட்டில் இருந்தாலும் அவனுக்கு லண்டன்தான்.

சீட்டு, பாஸ், ஆலாபனை எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அப்ப நான் கேட்டது நெசம்," என்றான் கடைசியில்.

"நெசம்ணே."

"அவன் கேட்டதும் நெசம்."

"ஆமா."

"பொய் சொல்லலையா அவன்?" குரல் மாறிவிட்டது. "நான் ஒன்னயும் சேர்த்துல்லா சொன்னேன் தங்கச்சி. ஒன் மொகத்தப் பாத்தே சொன்னேன்."

"அது போகட்டும்ணே. எல்லாம் என்னாலதான்."

பிறகு கேட்டான்: "அந்தக் கேசட்டு இன்னும் அவன்கிட்ட இருக்கா?"

"இருக்கு."

"அத நான் கேக்கவே இல்லையே. அவன் பத்துப் போட்டது அதுக்கு. நான் அதக் கேக்காமலே அரைக்குச்சி போட்டுட்டேன்." ரொம்ப வருத்தத்தோடு சொன்னான். "தப்புல்லா அது. கேக்காம மார்க் போட்டவன் நாந்தான்."

ஒன்பது வருசம் ஒரு மனுசனோடு பேசாமல் இருந்தது அவனுக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. ஒரு கேசட்டைக் கேட்காமல் மார்க் போட்டதுதான் அவனைப் படுத்தி எடுத்துவிட்டது. நான் என்ன சொல்ல? அந்தக் குழுவின் நோக்கம் அப்படி.

6

வீட்டுச் சாமானெல்லாம் லாரியில் ஏற்றி, பெண்டாட்டி பிள்ளைகளை முன்னாலேயே மச்சானோடு அனுப்பிவிட்டு, காதர் கடைசியாக ஒரு பையோடு ரயிலுக்குக் கிளம்பினான். கிளம்பினவன் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் நின்றான். நான் அன்றைக்குக் காலையிலிருந்தே அண்ணனைப் போனில் பிடித்து வைத்திருந்தேன். அவன் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைக்கச் சொன்னேன். இங்கே நிலாவுக்கு மதியச் சாப்பாடு பிரெட்டோடு முடிந்தது.

"உள்ள வாங்க," என்றான் அண்ணன்.

"இருக்கட்டும். ரயிலுக்கு நேரமாச்சு. ஒரு பக்கம் மட்டும் கேட்டுட்டுப் போறேன்," என்றான் காதர்.

"உக்காருங்க."

"நிக்கேன்."

எனக்கு மண்டை காய்ந்தது. ரெண்டும் சம்பந்தி மாதிரி பேசிக்கொள்கின்றன. "கேசட்டப் போடுங்க!" என்று இங்கிருந்து கத்தினேன்.

டக்கென்று பட்டன் சத்தம். தாளம். ஆலாபனை. சும்மா நிற்கிற இடம். மறுபடி ஆலாபனை. போன் வழியாக அது தகரடப்பாவுக்குள் கேட்கிற மாதிரி கேட்டது. ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கம் முடிகிறவரை ஒருத்தரும் பேசவில்லை.

"ஏலே," என்றான் காதர். "நல்லாருக்குலே."

"நான் சொல்லல?" என்றான் அண்ணன். "இப்ப ஒன் கேசட்டப் போடு."

காதர் பையிலிருந்து அவனுடைய தொண்ணூறு நிமிடக் கேசட்டை எடுத்துப் போட்டான். ரெண்டு நிமிடம் போயிருக்கும். "நிறுத்துலே, நிறுத்து," என்று அண்ணன் அலறினான். "எப்படிலே ஏழு தடவை கேட்ட? காது வலிக்கி."

"நான் சொல்லல?"

மறு ஓட்டு நடந்தது. தலைவர் ஏற்கெனவே பத்துப் போட்டாச்சு. செயலாளர் பெட்டியை அண்ணன் போன் பக்கத்தில் கொண்டுவந்து ஆட்டினான். "எத்தனைன்னு சொல்லு பாப்போம்!" இவனுக்கு அந்த ரகசியம் எப்போதோ தெரிந்திருக்கிறது, படுபாவி. இத்தனை கடல் தாண்டி வந்த சத்தத்தில் எனக்குக் கொரகொரவென்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. "பத்து," என்றேன். பத்துதான்.

அதோடு கிளம்பியிருக்கணும். காதர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான். நோட்டில் பாடியவர் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் யார் பெயரை எழுத? பத்து மார்க் வாங்கியது மஞ்ச பஸ்காரனா, அந்தப் பெண்ணா, ராஜாமணி அண்ணாச்சியா?

"அண்ணாச்சிதாம்லே. அவருதான வெட்டி ஒட்டுனாரு," என்றான் அண்ணன்.

"வெட்டுனா போதுமா? வெட்டுறதுக்குச் சரக்கு யாருது?"

"அந்தச் சரக்குக்குத்தான நீ அரை போட்ட!"

"காதர் அண்ணே, ரயிலு!" என்றேன் நான்.

"கேக்காம பேசாதலே. இந்த எடத்தக் கேளு. இங்கன நிறுத்துனாரு பாரு, இது கைவேலை இல்ல, ஞானம்," என்றான் அண்ணன்.

"ரயிலுண்ணே! ரயிலு!"

ஒருத்தனும் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. எங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம். ரயில் ஊதிக்கொண்டு கிளம்புகிற சத்தம் அபர்டீனில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. அங்கே இருந்த ரெண்டு பேருக்கும் கேட்கவில்லை.

நிலா வந்து எட்டிப் பார்த்தாள். "யாரும்மா சண்டை?" என்றாள்.

"சண்டை இல்லடா," என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன், அழுதேன், ரெண்டும். அவள் பயந்துபோய் அப்பாவைக் கூப்பிடப் போனாள்.

7

காதர் மறுநாள் ரயிலில் போனான். அண்ணன்தான் கொண்டுபோய் ஏற்றிவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. அண்ணன். அவன் எனக்குப் போன் போட்டதே கிடையாது. மிஸ்டு கால் கொடுப்பான், நான் கூப்பிடணும். எடுத்ததும் கேட்டேன்.

"என்னண்ணே? அம்மா நல்லாருக்காளா?"

"எல்லாரும் நல்லாருக்கோம். சும்மாதான் போட்டேன்."

சும்மா போன் போடுகிற ஆளா அவன்? காத்திருந்தேன்.

"காதர் நேத்துப் பேசுனான்," என்றான்.

"என்ன சொன்னான்?"

"அங்கன மழையாம். வீட்டுப் படி ரொம்ப உசரமாம். மறுபடி மழைன்னான். அப்புறம் வச்சிட்டான்." பிறகு அவனே சொன்னான்: "நாலு வீடு தள்ளி இருந்தாம்லா மகேசு. இத்தனை வருசமும் அங்கனதான இருந்தான். அப்பமே பேசியிருக்கலாம்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஏட்டி," என்றான். "நீ அங்கன போன புதுசுல என்ன செஞ்ச?"

இங்கே வந்து ஏழு வருசம் ஆகிறது. அங்கே அரிசி கிடைக்குமா என்று ஊரில் கேட்டிருக்கிறார்கள். எத்தனை மணிக்கு விடியும் என்று கேட்டிருக்கிறார்கள். இதை ஒருத்தரும் கேட்டதில்லை.

"ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருப்பேன்," என்றேன். "வந்ததும் ஒங்களுக்குப் போன் போடுவேன்."

"போட்டு அழுவியா?"

"இல்ல. குளிரப் பத்திப் பேசுவேன்."

அவன் யோசித்தான். "ஆமா. குளிரு குளிருன்னே சொல்லிட்டு இருப்ப. இவளுக்கு வேற பேச்சே கெடையாதான்னு அம்மாகிட்டக் கேட்டுருக்கேன்."

"தெரியும்ணே."

"அவனும் இப்ப மழை மழைங்கான்," என்றான். குரல் உடைந்துபோச்சு. போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். நானும் இங்கே அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்: "இப்ப அங்கன குளிராட்டி?"

"ரொம்பக் குளிருண்ணே," என்றேன்.